இரவல் மூங்கில்

மேடம் வீட்டுத் துணிக்கம்பு இரண்டு.
முனையில் நகச்சாயத்தால்
வீட்டு எண் எழுதியிருக்கும்.
ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும், கீறல் கூடாது.
ரயிலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால்
ஆங் மோ கியோவிலிருந்து பீஷான் பூங்கா வரை
ஞாயிற்றுக்கிழமை வெயிலில்
யார் கண்ணையும் குத்தாமல் சுமந்து வந்தேன்.
அவ்வளவுதான் என் வேலை.

ஆனால் லூர்தெஸ் வரவில்லை.
அவள் பார்க்கும் குழந்தைக்குக் காய்ச்சல்.
"நீ உட்கார்" என்றாள் ஜெரலின்,
ஏற்கெனவே செருப்பைக் கழற்றியபடி.

தரையில் இரண்டு தட்டு.
பிறகு மூங்கிலோடு மூங்கில் ஒரு மோதல்.
அந்த முனையில் மாரிவிக், இந்த முனையில் நான்,
நடுவில் நான்கு வெறுங்கால்கள்.
உசா, துஹா, துலோ என்று எண்ணினார்கள்.
எனக்கு அது வாயில் நிற்கவில்லை;
தகிட, தகிட என்று மாற்றிக்கொண்டேன்.
கை உடனே ஒத்துக்கொண்டது.

இளைப்பாறலில் கேட்டேன், யார் கண்டுபிடித்தது இதை?
திக்லிங் என்றொரு பறவை, என்றாள் ஜெரலின்.
லெய்டேயில், நெல்வயலில் வைத்த மூங்கில் பொறிகளுக்குள்
கால் கொடுத்துக் கால் எடுத்து
ஓடிக்கொண்டே இருக்கும்.
கைச்சாடை பார்த்துப் புரிந்தது.
கானாங்கோழி!
எங்கள் பக்கம் குழம்பு வைப்போம், என்றேன்.
சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது.

உன் பெயருக்கு என்ன அர்த்தம்?
செல்லக்கிளி. கிளி, பறவைதான்.
ஆகா,
ஒரு பறவைக்கு இன்னொரு பறவை பொறி பிடிக்கிறது
என்றாள் மாரிவிக். பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
பறவையெல்லாம் இல்லை.
ஸ்பானியன் பண்ணையில் வேலை சுணங்கியவர்களை
இரண்டு மூங்கிலுக்கு நடுவே நிறுத்திக்
காலில் அடித்தார்களாம்.
அடி விழுமுன் காலைத் தூக்கப் பழகினார்கள்.
அதுதான் ஆட்டம்.

அது வெறும் கதை, என்றாள் ஜெரலின்.
உன் பறவை மட்டும்?
அவர்கள் தங்கள் மொழியில் சண்டை போட்டுக்கொள்ள,
கெபாயா போல் தைத்த மேல்சட்டையோடு
மின்டோரோக்காரி ஒருத்தி
தலையில் கண்ணாடிக் குவளை வைத்து நடந்து பழகினாள்.
குவளைக்குள் எரிய வேண்டிய திரிக்குப் பதில்
பேட்டரி விளக்கு.
பூங்காவில் நெருப்புக்கு அனுமதி இல்லை.

மறுபடி அடித்தோம். வேகம் கூடியது.
எனக்குக் கை மட்டும் இங்கே,
மனம் அந்தப் பண்ணையில்.
ஜெரலினின் கணுக்கால் உள்ளே வரும்போது
பாவம் என்று தோன்றியது.
ஒரு நொடி தாமதித்தேன்.

அந்த ஒரு நொடியில்தான் அடிபட்டாள்.

எலும்பில் படும் சத்தம் வேறு.
மூங்கிலைப் போட்டுவிட்டுக்
காலைப் பிடித்துக்கொண்டேன், மன்னிப்புக் கேட்டேன்,
தமிழில்.
பனிக்கட்டித் தேநீர்ப் பையைச் சிவந்த இடத்தில் வைத்தபடி
அவள் சொன்னாள்:
"நீ இரக்கப்படாதே.
நீ சரியாக அடித்தால்
நான் தப்பிப்பது என் பாடு."

இந்த வாக்கியத்தை என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை எனக்கு.
ஆனால் அதன்பிறகு
ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை.
தகிட, தகிட,
அவளும் நொண்டவில்லை; அல்லது
நொண்டுவதும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது.

வாய்க்கால் ஓரம் வெண்மார்புக் கானாங்கோழி ஒன்று
வாலைத் துடுக்கு துடுக்கென்று ஆட்டிக்கொண்டு
எங்களைக் கடந்து போனது.
யாரைப் பற்றிய பேச்சு இது என்று
அது நின்று கேட்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு மின்தூக்கிக்கு வெளியே நின்று
சேலைத் தலைப்பால் கம்புகளைத் துடைத்தேன்.
நடுவில் பல் பட்டதுபோல் ஒரு சின்னக் கீறல்.
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

திங்கட்கிழமை, பதினோராம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே அதே மூங்கில்.
சாரின் கால்சட்டை இரண்டு
காற்றில் எட்டி உதைத்து, ஒன்றில் ஒன்று சிக்கி,
தாளம் தப்பித் தப்பிக் குதித்தன.
உள்ளே கால் இல்லை, அடிபட வழியில்லை.
ஈரக்கையால் ஜன்னல் விளிம்பில்
இரண்டு தட்டு தட்டினேன்.

மூன்றாவதைத் தட்டுமுன்
மேடம் கூப்பிட்டார்.